வாசலை மறைக்காதே

கதவுக்கு முதுகைக் காட்டி அவர் உட்கார்ந்து நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு தடவையில்தான் எல்லாம் நடந்து முடிந்தது. அதற்கு முன்னால் அவர் எப்படி உட்காருவார் என்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நடந்தது விளங்காது.

குற்றாலத்தில் பேரருவிக்குப் போகிற கடைத்தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். எங்களுக்கெல்லாம் ஸ்டூடியோ அண்ணாச்சி. அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கடை போர்டிலும் ஆள் பெயர் கிடையாது. கூப்பிடு தூரத்தில் நிஜ அருவி கொட்டிக்கொண்டிருக்கும். இவர் உள்ளே திரைச்சீலையில் வரைந்த அருவிக்கு முன்னால் ஜனங்களை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருப்பார். சாரலில் கேமரா நனைந்துவிடும் என்று காரணம் சொல்வார். நிஜ அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வருகிறவர்கள், சுவர்க்கண்ணாடியில் பார்த்துப் பவுடர் பூசி, ஆணியில் தொங்கும் பொதுக் கோட்டை மாட்டிக்கொண்டு, பொய் அருவிக்கு முன்னால் விறைத்து நிற்பார்கள்.

அவருடைய முக்காலி கடைசி மூலையில் கிடக்கும். அங்கிருந்து பார்த்தால் வாசல் நேராகத் தெரியும். முக்காலியிலிருந்து தெரியாத தெருப் பக்கத்தைக் காட்டத்தான் அந்தச் சுவர்க்கண்ணாடி. வாடிக்கையாளர் தலைசீவ என்று மாட்டியது அல்ல அது என்பது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. யார் உள்ளே வந்தாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது 'வாங்க' இல்லை. "வாசலை மறைக்காதீங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்பதுதான்.

அந்தக் காலத்துப் பெட்டிக் கேமரா. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுத்தான் பார்க்க வேண்டும். அவரால் துணிக்குள் நிம்மதியாக இருக்க முடியாது. உள்ளே போவார், சட்டென்று வெளியே வந்து வாசலைப் பார்ப்பார், மறுபடி உள்ளே போவார். அவர் எப்போது வெளியே பாய்வார் என்று தெரியாமல் எதிரே நிற்பவர்களுக்குப் படபடப்பு வந்துவிடும். எங்கள் வீட்டில் அவர் எடுத்த குடும்பப் படம் இன்னும் இருக்கிறது. அப்பா, அம்மா, அக்கா, நான், நாலு பேரும் திருடன் வீட்டுக்குள் நுழைந்ததைப் பார்த்த மாதிரி நிற்கிறோம். எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. மேலகரத்தில் எத்தனையோ வீட்டுச் சுவரில் கல்யாண ஜோடிகள் அப்படித்தான் முழித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் மேலகரத்துக்காரன். சைக்கிளை ஒரு பக்கம் மிதித்தால் தென்காசி, மறுபக்கம் மிதித்தால் குற்றாலம். பாளையங்கோட்டையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வந்தால் நேரே அவர் ஸ்டூடியோவில் போய் விழுவேன். எனக்கு அவரைப் பிடிக்கும். ஆனால் அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்தால் எரிச்சலும் வரும். பேசிக்கொண்டே இருப்பார், பாதி வாக்கியத்தில் கண் வாசலுக்குப் போய்விடும். நானும் திரும்பிப் பார்ப்பேன். ஒரு குரங்கு போய்க்கொண்டிருக்கும். அவரோடு பழகிப் பழகி எனக்கும் அந்தக் கழுத்து வியாதி ஒட்டிக்கொண்டது. வகுப்பில் நான் அடிக்கடி திரும்புவதைப் பார்த்து வாத்தியார் என்னை வெளியே நிற்க வைத்திருக்கிறார்.

ஒரு சீசனில் புதுமணத் தம்பதி படம் எடுக்க வந்தார்கள். அண்ணாச்சி துணிக்குள் தலையை விட்டபடியே பேச்சுக்கு, "எந்த ஊரு?" என்று கேட்டார். மாப்பிள்ளை, "களக்காட்டுப் பக்கம்" என்றான். துணி அசையவே இல்லை. பிறகு அவர் துணியைப் போர்த்தியபடியே எழுந்து, அப்படியே இருட்டறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். தம்பதி வெகுநேரம் சிரித்த முகத்தோடு நின்று பார்த்தார்கள். மாப்பிள்ளை என்னைப் பார்த்து, "இது என்ன போட்டோ?" என்று கேட்டான். எனக்கு என்ன தெரியும்? கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் திட்டிக்கொண்டே போனார்கள்.

அவர்கள் போன பிறகு இருட்டறைக் கதவைத் தட்டி, "போயிட்டாங்க அண்ணாச்சி" என்றேன். என்னை மட்டும் உள்ளே விட்டு மறுபடி தாழ்ப்பாள் போட்டார். சிவப்பு பல்பு வெளிச்சத்தில் தட்டில் கிடந்த படத்தை அலசிக்கொண்டே, ஒருக்களித்து நின்று, அவர் சொன்னார்.

"எங்க ஊரு அங்கனதாம்லே. தண்ணி பாய்ச்சுற தகராறு. தம்பிய மம்பட்டியால அடிச்சுட்டேன். மண்டையில பட்டு விழுந்தான். நான் ஓடியாந்துட்டேன்."

"பொறவு?"

"பொறவு என்ன பொறவு? அன்னைக்குத் திரும்பிப் பாக்கல. அதுக்கும் சேத்து இப்பப் பாக்கேன்."

தம்பி பிழைத்தானா என்று யாரையாவது அனுப்பி விசாரிக்கலாமே என்றேன். நானே போய் விசாரித்து வருகிறேன் என்றும் சொன்னேன். அவர் கையிலிருந்த படத்தை விட்டுவிட்டு என் சட்டையைப் பிடித்தார். ரசாயன ஈரம் சட்டையில் அப்பியது.

"விசாரிச்சா தெரிஞ்சுரும்லா? தெரியாத மட்டும் அவன் பாதி உசுரோடயாவது இருக்காம்லே. நீ போய் அந்தப் பாதியையும் எடுத்துட்டு வந்துராத."

வருகிறது போலீஸா, ஊர்க்காரனா, தம்பியின் சாவுச் செய்தியா, மூன்றில் எது என்று தெரியாமல்தான் அவர் அத்தனை வருஷமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை கூட்டம் வருகிற ஊரில் வந்தா ஒளிவது என்று கேட்டதற்கு, "கூட்டத்துல எவன் எவனைத் தேடுவான்?" என்றார். அவர் கையில் அத்தனை முகம் படமாகி வெளியே போயிருக்கிறது. அவர் முகம் உள்ள படம் ஒன்றுகூடக் கிடையாது.

இந்த நேரத்தில்தான் காதர் ஒரு சினிமாக் கேமராவோடு வந்து சேர்ந்தான்.

காதர் என்னோடு படித்தவன், தென்காசிக்காரன். அவன் வாப்பாவுக்குப் பாவூர்சத்திரத்தில் வெங்காய மண்டி. கொழும்புக்குச் சரக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். கொழும்பிலிருந்த மாமா ஒருவர், சாவி கொடுத்தால் ஓடுகிற கையடக்கக் கேமராவும் படம் காட்டும் மெஷினும் கொண்டுவந்து கொடுத்திருந்தார். கூடவே ஒரே ஒரு பிலிம் சுருள். சத்தம் வராது. சில நிமிஷம்தான் ஓடும். காதருக்கு அது போதும். அவன் திருநெல்வேலித் தியேட்டர்களில் மர்மப் படம் ஒன்றையும் விட்டவன் இல்லை.

"ஆரம்பம் மட்டும் எடுப்போம்லே. அதைக் காட்டுனா மதராஸ்ல எவனாவது முதலாளி மீதிக்கு வருவான்" என்றான். ஆரம்பத்துக்கு அவனிடம் சட்டதிட்டங்கள் இருந்தன. "மொதல்ல மூஞ்சியக் காட்டக்கூடாது. காலு. பொறவு கை. பொறவு முதுகு. தரையில போட்டு நசுக்குன சிகரெட். எவனோ ஒருத்தன் பின்னால வாறான். எவன்னு கடைசி வரைக்கும் காட்டக்கூடாது. அதான் சஸ்பென்ஸ்." முடிவு என்ன என்று கேட்டால், "அதைப் பொறவு பாப்போம்" என்பான்.

துரத்தப்படுகிறவனாக நடிக்க என்னைப் பிடித்துக்கொண்டான். அவன் வாப்பாவின் கறுப்பு பூட்ஸை எனக்கு மாட்டிவிட்டான். சீசன் தொடங்கியிருந்த நேரம், ஸ்டூடியோ முன்னாலிருந்தே ஓடினேன். எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. பூட்ஸ் வேறு கழன்று கழன்று ஓடியது. காதர் தலையில் அடித்துக்கொண்டான்.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு தடவை பொறுத்தார். இரண்டாம் தடவை தெருவில் இறங்கிவிட்டார்.

"பயந்தவன் இப்படியாலே ஓடுவான்? ஓடுனா நாலு பேரு பாப்பாங்கள்லா? மெதுவாப் போவாம்லே. பழக்கடையில நின்னு வெலை கேப்பான். வாங்கமாட்டான். பழத்தைப் பாக்குற சாக்குல பின்னால ஒரு பார்வை பாப்பான். பாத்தது தெரியாது. இங்கன பாரு."

நடந்து காட்டினார். மங்குஸ்தான் கடையில் நின்று பழம் ஒன்றை உருட்டிப் பார்த்தார். தோள் கொஞ்சம் இறங்கியது. நானும் என்னை அறியாமல் தெருவைத் திரும்பிப் பார்த்தேன். காதர் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"அண்ணாச்சி, நீங்கதான் நடிக்கீங்க" என்றான்.

பதறிப்போய்க் கடைக்குள் ஓடினார். காதர் விடுவானா? பின்னாலேயே போய், முகம் விழாது, காலும் கையும் முதுகும்தான் என்று சத்தியம் செய்தான். நான் கண்ணாலேயே வேண்டாம் என்றேன். அவர் என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனார்.

"மூஞ்சி விழாதுல்லா?"

"விழாது. இருந்தாலும் வேண்டாம் அண்ணாச்சி."

"மூஞ்சி இல்லாம எவன்லே என்னயக் கண்டுபிடிப்பான்?"

நாள் முழுக்க முகங்களையே பார்த்துப் பிழைத்தவர் அவர். முகம்தான் ஆள் என்று நினைத்துவிட்டார். போட்டோக்காரர் தவிர வேறு யாரும் அப்படி நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் அவர் சொல்லக் கேட்டபோது எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

பூட்ஸ் அவர் காலுக்குச் சேரவில்லை. வெறுங்காலோடு நடந்தார். சிகரெட்டுக்குப் பதில் அவருடைய பீடி. வாப்பா பார்த்துவிடுவார் என்று காதருக்கு சிகரெட் வாங்கப் பயம். ஈரத்தரையில் அந்தக் கால்கள் போய்க்கொண்டே இருந்தன. குனிந்து அவற்றோடு போட்டிபோட்டுக்கொண்டு காதர் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனான். எனக்குத்தான் ஆச்சரியம். அண்ணாச்சி முகத்தில் அத்தனை சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. "இன்னொரு மட்டம் எடுக்கணுமாலே? பின்னால பாத்தது சரியா விழுந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மறைத்து மறைத்து வைத்திருந்த ஒன்றை ஊரறியச் செய்துவிட்டு, அது நடிப்பு என்று பெயர் வாங்கிவிட்டார். அதுதான் சந்தோஷம் என்று நினைக்கிறேன்.

பிலிம் சுருளைக் கழுவ பம்பாய்க்கு அனுப்ப வேண்டியிருந்தது. அது திரும்பி வருவதற்குள் சீசன் முடிந்து, ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தீபாவளி விடுமுறைக்கு வந்தோம். தென்காசியில் பெண்பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இந்தக் கூத்தெல்லாம் வேண்டாம் என்று வாப்பா சொல்லிவிட்டதால், பாவூர்சத்திரம் மண்டியில் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் மத்தியான நேரத்தில் படம் காட்ட ஏற்பாடு ஆயிற்று. மெஷினை ஓட்டத் தெரிந்த கை அண்ணாச்சியுடையதுதான். காதர் மாட்டினால் பிலிம் சிக்கிக்கொள்ளும். என்ன பாடுபட்டோ அவரை பஸ் ஏற்றிக் கூட்டி வந்தோம். பஸ்ஸில் கடைசி இருக்கைதான் வேண்டும் என்றார்.

கிட்டங்கிக்கு ஒரே கதவு. வெள்ளையடித்த சுவர் அதற்கு நேர் எதிரே. கதவைப் பார்த்து உட்கார்ந்தால் படம் காட்ட முடியாது. அண்ணாச்சி சுற்றிச் சுற்றி வந்தார். மெஷினை அந்த மூலையில் வைக்கலாமா, இந்த மூலையில் வைக்கலாமா என்று பார்த்தார். எங்கு பார்த்தாலும் மூட்டை. கடைசியில் வெங்காய மூட்டை ஒன்றின் மேல் மெஷினை வைத்து, கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். உட்காருமுன் என்னைக் கூப்பிட்டார்.

"நீ கதவுகிட்ட நில்லு. எவனாவது உள்ள வந்தா சத்தம் குடு."

நின்றேன். மழைக்கு ஒதுங்கிய சுமைகாரர்களும் லாரிக்காரர்களும் ஏற்கெனவே மூட்டைகள் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். கதவைச் சாத்தினோம். வெளியிலிருந்து யாரும் வரவில்லை. வருகிறவனைப் பார்க்கத்தானே என்னை நிறுத்தினார்? உள்ளே இருந்தவர்களை நான் பார்க்கவில்லை.

படம் ஓடியது. சுவர் முழுக்க இரண்டு வெறுங்கால்கள். ஈரத்தரை. நசுங்கிய பீடி. மங்குஸ்தானை உருட்டும் கை. இறங்கின தோள். மறுபடி கால்கள். எதிர்பார்க்கவே இல்லை, சுமைகாரர்கள் மூச்சுக் காட்டாமல் பார்த்தார்கள். படம் முடிந்ததும் சத்தம் கிளம்பியது. "பின்னால வாறது யாரு?" "காட்டாம விட்டா எப்படிலே?" காதர் கையைக் கட்டிக்கொண்டு, "அதான் சஸ்பென்ஸ்" என்றான். இன்னொரு தடவை போடச் சொன்னார்கள். அண்ணாச்சி சுருளைத் திருப்பிச் சுற்றி மறுபடி ஓட்டினார்.

இந்தத் தடவை கால்கள் வந்ததுமே, கதவோரத்து மூட்டையிலிருந்து ஒரு ஆள் இறங்கி முன்னால் நடந்தான். களக்காட்டு வாழைத்தார் இறக்க வந்த லாரியோடு வந்தவன் என்று பிறகு தெரிந்தது. அவன் நிழல் சுவரில் எழுந்து கால்களை மூடியது. "ஏய், மறைக்காதய்யா!" என்று கத்தினார்கள். அவன் நகரவில்லை. சுவரைத் தொட்டு விடுகிற தூரத்தில் நின்று அந்தக் கால்களைப் பார்த்தான். பிறகு திரும்பி, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மெஷினைச் சுற்றி வந்து அண்ணாச்சிக்குப் பின்னால் நின்றான்.

"இந்தக் காலு யாருது?" என்றான் காதரிடம்.

காதர் பெருமையோடு அண்ணாச்சியைக் கைகாட்டினான்.

நான் கதவை விட்டு ஓடினேன். ஆனால் என்ன செய்ய? வாழ்நாள் முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்த மனுஷன் அப்போது திரும்பவில்லை. கழுத்து விறைத்துவிட்டது. பிலிம் முடிந்து, அதன் வால் சுழன்று சுழன்று மெஷினில் அடித்துக்கொண்டிருந்தது. சுவரில் வெறும் வெள்ளை.

"அண்ணே" என்றான் அந்த ஆள்.

அண்ணாச்சி மெஷினை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"வலது கட்டைவெரலு வெளிய பாத்து நிக்கும். எனக்குத் தெரியாதாண்ணே? வரப்புல நீ முன்னால போவ, வழுக்கிருமோன்னு உன் காலையே பாத்துக்கிட்டு நான் பின்னால வருவேன்லா?" மூட்டை மேல் இருந்தவர்களைக் கைகாட்டினான். "இவங்க கேக்காங்கள்லா, பின்னால வாறது யாருன்னு. நான்தாண்ணே வாறேன்."

அண்ணாச்சி சுவரைப் பார்த்தபடியே கேட்டார். "உசுரோடதான் இருக்கியாலே?"

"அன்னைக்கே எந்திச்சுட்டேன். தையல் போட்டாங்க. அந்த எடத்துல முடி மொளைக்கல, அம்புட்டுத்தான்."

"போலீசு?"

"போலீசு எதுக்கு? அண்ணன் தம்பி அடிச்சுக்கிட்டதுக்கா?"

அப்போதுதான் அவர் திரும்பினார். வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பிய மெஷின் வெளிச்சம் அந்த ஆள் மேல் விழுந்தது. காதுக்கு மேலே ஒரு வழுக்கைத் தழும்பு. அண்ணாச்சி கையை நீட்டி அதைத் தொட்டார். சுமைகாரர்கள் மூட்டை மேலிருந்து எட்டிப் பார்த்தார்கள். இதுவும் படத்தில் சேர்ந்ததோ என்று சிலர் நினைத்திருக்கலாம்.

"அம்மைக்கு நான் என்ன சொல்லுவேன்?" என்றார் அண்ணாச்சி. சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

தம்பி தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். "அம்மை கட்டிலை வாசலைப் பாக்கத் திருப்பிப் போடச் சொன்னா" என்றான். "குறுக்க எவனும் நின்னா கத்துவா. கடைசி வரைக்கும் அப்படித்தாண்ணே கெடந்தா."

அந்தக் கிட்டங்கியில் அண்ணாச்சி அழுத சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. விசாரித்திருந்தால் தம்பி கிடைத்திருப்பான், அம்மாவும் கிடைத்திருப்பாள். நான் போகிறேன் என்றபோது அவர் என் சட்டையைப் பிடித்தது நினைவுக்கு வந்தது. அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. கோபப்பட்டு என்ன செய்ய? அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மெஷினை நிறுத்தினேன்.

அன்றே தம்பியோடு லாரியில் ஊருக்குப் போனார். காதரின் படத்துக்கு முடிவு எடுக்கவே இல்லை. "சஸ்பென்ஸைப் பாழாக்கிட்டாங்க" என்று கொஞ்ச நாள் புலம்பினான். பிறகு வாப்பாவோடு மண்டியில் உட்கார்ந்துவிட்டான்.

அண்ணாச்சி ஊரிலேயே தங்கிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அடுத்த சீசனுக்குக் குற்றாலம் போனால் ஸ்டூடியோ திறந்திருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். அதே மூலை, அதே முக்காலி. கண் வாசலில்தான் இருந்தது. கழுத்து நீண்டு நீண்டு எட்டிப் பார்த்தது. எனக்கு எரிச்சலாக வந்தது.

"இன்னும் என்ன அண்ணாச்சி? இன்னும் யாருக்குப் பயப்படுதீங்க?"

"பயமா?" என்றார். என்னைப் பார்க்கக்கூட இல்லை. "லோடு எறக்கிட்டு தம்பி வாறேன்னான். காலையிலயே வந்துருக்கணும். மழை வேற ஊத்துது. ரோடு எப்படி இருக்கோ என்னமோ." எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். "ஏலே, நீ ஏன் நடுவுல நிக்க? வாசலை மறைக்காத. கொஞ்சம் தள்ளி நில்லு."